சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் கிரிவலம் போகலாமா?

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலை பஸ்ஸில் நிற்கக்கூட இடமிருக்காது. மலையைப் பார்த்தபடி 14 கிலோமீட்டர் நடப்பது உடம்புக்கும் மனசுக்கும் நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. சிக்கல் வெறுங்காலில் இருக்கிறது.

பல வருடம் சர்க்கரை இருந்தால் பாதத்து நரம்புகள் மெல்ல மரத்துப்போகும். கல் குத்தினாலும் தார்ச்சாலை சுட்டாலும் தெரியாது. வலிக்கவில்லை என்றதும் ‘சாமி பார்த்துக்கிட்டார்’ என்று நடந்துகொண்டே இருப்பார்கள். ரெண்டு நாள் கழித்து பெட்ஷீட்டில் ஈரத்தைப் பார்த்த பிறகுதான் கொப்புளம் உடைந்தது தெரியவரும். காலுக்கு ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் லேசில் ஆறாது. சீழ் வைத்து, விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போவதும் உண்டு.

கிரிவலமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் போகக் கூடாது; ஏற்கெனவே புண் இருந்தால், அது ஆறும்வரை கிரிவலத்தையே தள்ளிப்போடுங்கள். ‘செருப்பு போட்டா பலன் கிடைக்காதே’ என்பார்கள். செருப்போடு நடந்ததை அண்ணாமலையார் கணக்கில் சேர்க்க மாட்டார் என்பது என்ன பக்தியோ, எனக்குப் புரியவில்லை! சந்நிதி வாசலில் கழற்றினால் போதாதா?

பழகிய, கடிக்காத செருப்பாக இருக்கட்டும். அன்றைக்கென்று புதுசு வாங்காதீர்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு விரதமாக நடப்பதும் ஆபத்து, பாதி வழியில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பியதும் விரலிடுக்கு வரை பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.