காதுக்கு எழுதிய கை

நார்னியா கதைகளைப் படித்தவர்களிடம் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால், உடுப்பு அலமாரிக்குள் நுழைந்த சிறுமி, பனிக்காட்டின் நடுவே எரியும் விளக்குக் கம்பம், அஸ்லான் என்ற சிங்கம் என்று வரிசையாகச் சொல்வார்கள். கதையைச் சொல்லிக்கொண்டே கூட வருகிறவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அடுத்து என்ன என்ற அவசரத்தில் ஓடும் சின்னப் பிள்ளையின் கண்ணுக்கு அவர் தட்டுப்படுவதும் இல்லை. இந்த ஆண்டு அந்த ஏழு கதைகளையும் ஒலிப்புத்தகமாகக் கேட்டு வருகிறேன். காதுக்கு முதலில் கிடைத்தவர் அவர்தான்.

1950இல் வந்த முதல் கதையில் லூசி அலமாரிக்குள் போகும்போது கதவைத் திறந்தே வைக்கிறாள். அலமாரிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வது முட்டாள்தனம் என்று கதைசொல்லி காரணமும் சொல்கிறார். சில பக்கங்கள் கழித்து மறுபடி சொல்கிறார், அப்புறமும் சொல்கிறார். அச்சில் பார்த்தால் தேவையில்லாத வரிகள். அதை வாசிக்கும் நடிகர் மைக்கேல் யார்க்கின் குரலில் கேட்கும்போது, கேட்கிற பிள்ளை நாளைக்கே வீட்டு அலமாரிக்குள் போய் மூச்சுத் திணறிவிடக் கூடாதே என்ற உண்மையான கவலை அதில் தெரிகிறது. திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்லும் பெரியப்பா, நடுவில் நிறுத்தி நம் முகத்தைப் பார்ப்பது மாதிரி.

இதை எழுதிய சி.எஸ். லூயிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் இலக்கியம் கற்பித்தவர். 1941 முதல் 1944 வரை, போரின் நடுவே, பிபிசி வானொலியில் தொடர்ச்சியாகப் பேசினார். முகம் தெரியாத ஆயிரமாயிரம் பேருக்கு, குரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு விஷயத்தைப் புரியவைக்க வேண்டிய வேலை அது. அந்தப் பழக்கத்திலிருந்துதான் நார்னியாவின் நடை வந்தது என்று நான் நம்புகிறேன். 1959இல் ஒரு பள்ளி மாணவிக்கு எழுதிய கடிதத்தில், எப்போதும் காதால் எழுது, காதால் படி, கண்ணால் அல்ல என்ற பொருளில் அவரே அறிவுரை சொல்லியிருக்கிறார்.

ஹார்ப்பர்காலின்ஸ் வெளியிட்டிருக்கும் ஒலிப்பதிவில் ஏழு கதைகளையும் ஏழு நடிகர்கள் வாசிக்கிறார்கள். ஒவ்வொன்றும் நான்கைந்து மணி நேரம். பதிப்பகம் இப்போது கதை நடக்கும் கால வரிசைப்படி எண் போட்டிருக்கிறது. நான் எழுத்தாளர் வெளியிட்ட வரிசையில்தான் கேட்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். விளக்குக் கம்பம் காட்டுக்குள் எப்படி வந்தது என்று தெரியாமல் அதை முதலில் பார்க்க வேண்டும். பாலின் பேன்ஸின் கோட்டோவியங்கள் ஒலியில் கிடையாது. அது பெரிய இழப்புதான். நான் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

காதுக்கென்றே செய்தது போல ஓரிடம் ‘தி சில்வர் சேர்’ கதையில் உண்டு. பூமிக்கு அடியில் சூனியக்காரி நெருப்பில் பச்சைப் பொடியைத் தூவி, ஒரு தந்தி வாத்தியத்தை ஒரே மாதிரி மீட்டிக்கொண்டு, சூரியன் என்று ஒன்று இல்லவே இல்லை என்று இனிமையாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். பிள்ளைகளும் இளவரசனும் மெல்ல மெல்ல ஒத்துக்கொள்கிறார்கள். ஜெரமி நார்த்தம் வாசிக்கக் கேட்டபோது, அந்த வாதத்தின் ஓட்டத்தில் நானும் தலையசைத்துக்கொண்டிருந்தேன். எதிலும் கெட்டதையே எதிர்பார்க்கும் படில்கிளம் வெறுங்காலால் நெருப்பை மிதித்து அணைக்கும்போது நமக்கும் விழிப்பு வருகிறது.

கண் தாண்டிப்போகும் கசப்பான பகுதிகளைக் காது தாண்டாது. ‘தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்’ கதையில் தெற்கே கலோர்மென் நாட்டுக்காரர்கள் கறுத்த முகமும் தலைப்பாகையுமாக வருகிறார்கள். கொடுமையும் அடிமை முறையும் அவர்கள் பக்கம், வெள்ளை முகமும் சுதந்திரமும் வடக்கே. கறுத்த தோல்காரனாக இதைக் காதால் கேட்கும்போது வலிக்கிறது, காலம் அப்படி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதே கதையில்தான் அந்த நாட்டுப் பெண் அராவிஸ் வருகிறாள், துணிச்சலிலும் நேர்மையிலும் யாருக்கும் குறையாதவள். பள்ளியில் கட்டுரை எழுதக் கற்பிப்பதைப் போல அங்கே கதை சொல்லக் கற்பிக்கிறார்கள் என்று லூயிஸ் மனதாரப் பாராட்டவும் செய்கிறார். அந்த இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

என்னை நிறுத்திப்போட்டது ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’. கென்னத் பிரானா வாசிக்கிறார். முதல் கதையை முடித்ததுமே லூயிஸ் இதைத் தொடங்கியிருந்தாலும் முடிக்க ஆண்டுகள் ஆயின. வெளிவந்தது 1955இல். நார்னியா பிறக்கும் காட்சியில் முதலில் வெறும் இருட்டு. அதில் ஒரு குரல் பாடத் தொடங்குகிறது, வார்த்தை கிடையாது. பிறகு நட்சத்திரங்கள், சூரியன், புல், மரங்கள். அங்கே நிற்கும் பிள்ளைகளுக்கும் லண்டன் குதிரைவண்டிக்காரருக்கும் காது மட்டும்தான் துணை, நமக்கும் அப்படியே.

அந்தப் பிள்ளைகளில் ஒருவனான டிகோரியின் அம்மா சாகக் கிடக்கிறாள். குணமாக்கும் ஆப்பிள் அவன் கையில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு ஓடிவிடு என்று சூனியக்காரி தூண்டுகிறாள், அவனோ சிங்கத்துக்குக் கொடுத்த வாக்கைக் காக்கிறான். அதற்கு முன்பு, உதவி கேட்டுச் சிங்கத்தின் முகத்தை நிமிர்ந்து பார்க்கும்போது அதன் கண்களில் தன்னுடையதைவிடப் பெரிய கண்ணீரைக் காண்கிறான். லூயிஸின் அம்மா ஃப்ளோரா பெல்ஃபாஸ்டில் கணிதம் படித்துப் பட்டம் பெற்றவர். 1908 ஆகஸ்டில் புற்றுநோயால் இறந்தார். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. குணமாக வேண்டும் என்று பிரார்த்தித்தவனை அடுத்த மாதமே இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். இவற்றையெல்லாம் சொல்லும் அவருடைய தன்வரலாறும் அதே 1955இல்தான் வந்தது. கதையில், பிறகு சிங்கமே கொடுத்தனுப்பும் ஆப்பிளைத் தின்ற அம்மா பிழைத்துக்கொள்கிறாள். அந்த அத்தியாயத்தைக் கேட்டு முடித்த அன்று வேறெதையும் கேட்க முடியவில்லை.

மிச்சமிருப்பது ‘தி லாஸ்ட் பேட்டில்’, பாட்ரிக் ஸ்டூவர்ட் குரலில். அதில் லூசியின் மூத்த சகோதரி சூசன் உதட்டுச்சாயம், நைலான் காலுறை, விருந்து அழைப்புகள் என்று போய்விட்டாள், இனி அவள் நார்னியாவின் தோழி அல்ல என்று மற்றவர்கள் சில வாக்கியங்களில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பிலிப் புல்மன் போன்ற எழுத்தாளர்கள் இதற்காக லூயிஸைக் கடுமையாகச் சாடியிருக்கிறார்கள், எனக்கும் அதில் உடன்பாடுதான். அவளுக்குத் திருந்த இன்னும் நிறையக் காலம் இருக்கிறது என்று 1957இல் ஒரு சிறுவனுக்குக் கடிதத்தில் ஆறுதல் சொன்னார் லூயிஸ். அலமாரிக் கதவைச் சாத்தாதே என்று அத்தனை தடவை சொன்னவர், அந்த ஒரு வரியையும் கதைக்குள்ளேயே சொல்லியிருக்கலாம்.