பிறப்பால் வீரர் எவரும் இல்லை
சிறார் மாயச் சாகச நாவலுக்கான கொள்கைப் பிரகடனம்

8 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகத் தமிழில் மாயச் சாகச நாவல் எழுதுகிறவர்கள், அவற்றுக்குப் படம் வரைகிறவர்கள், பதிப்பிக்கிறவர்கள், வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டும் ஆசிரியர்கள், நூலகர்கள், பெற்றோர்கள் ஆகிய நாங்கள் சேர்ந்து ஓர் இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்கள் முதல் கொள்கையே இந்தப் பிரகடனத்தின் தலைப்பு. எங்கள் நாவல்களில் எந்தப் பிள்ளைக்கும், இன்னார் வயிற்றில் பிறந்தது என்பதற்காக வீரமோ மந்திர ஆற்றலோ அரியணையோ கிடைக்காது. மற்றக் கொள்கைகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

இந்த வகை நாவலின்மீது எங்களுக்குள்ள பற்றை முதலில் சொல்லிவிடுகிறோம். குறைகளைப் பேசும் உரிமை அந்தப் பற்றால்தான் எங்களுக்கு வருகிறது.

பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் வாழ்க்கையில் தானே முடிவெடுக்கக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. எந்தப் பள்ளி, எந்த ட்யூஷன், எந்த ஊருக்கு மாற்றலாகிப் போவது, எந்தத் தெருப் பிள்ளைகளோடு விளையாடக் கூடாது, எல்லாவற்றையும் பெரியவர்கள் தீர்மானிக்கிறார்கள். ஆனால் நியாயம் எது, நண்பன் ஏன் காட்டிக்கொடுத்தான், தாத்தா செத்து எங்கே போனார் என்ற கேள்விகள் அந்த வயதில்தான் மனசைப் பிடித்து உலுக்குகின்றன. அவ்வளவு பெரிய கேள்விகளை வைத்துக்கொண்டு எந்த அதிகாரமும் இல்லாமல் நிற்கும் பிள்ளையிடம் மாயச் சாகச நாவல் வந்து பேசுகிறது. பெரியவர்களை எட்டாத தூரத்தில் நிறுத்திவிட்டு ஒரு தீவையோ காட்டையோ பாதாள வழியையோ திறந்துவிடுகிறது. இனி நீதான் முடிவு செய்ய வேண்டும் என்கிறது.

சி.எஸ். லூயிஸ் 1950-ல் வெளியிட்ட முதல் நார்னியா நாவலில், குண்டுவீச்சுக்கு அஞ்சி லண்டனிலிருந்து கிராமத்துக்கு அனுப்பப்பட்ட நான்கு பிள்ளைகள் ஓர் அலமாரிக்குள் நுழைந்து வேறு உலகத்துக்குப் போகிறார்கள். போரை நிறுத்தும் சக்தி இல்லாத பிள்ளைகளுக்கு அங்கே ஒரு போரில் வேலை இருக்கிறது. மேடலின் லெங்கிள் 1962-ல் வெளியிட்ட நாவலின் நாயகி மெக், மூக்குக்கண்ணாடி போட்ட, முன்கோபம் கொண்ட, பள்ளியில் எவரோடும் ஒட்டாத சிறுமி. மனங்களை ஆட்டிவைக்கும் சக்தியிடமிருந்து தம்பியை மீட்க அவளிடம் ஆயுதம் எதுவும் இல்லை. அவன்மீது வைத்திருக்கும் அன்பு ஒன்றுதான் கைகொடுக்கிறது. ஸ்வீடனின் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் 1973-ல் வெளியிட்ட ‘லயன்ஹார்ட் சகோதரர்கள்’ நாவலில் அண்ணனும் தம்பியும் தொடக்கத்திலேயே இறந்துபோய், அதற்கப்பாலுள்ள நாட்டில் சந்திக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இப்படி எழுதலாமா என்று அப்போதே விவாதம் எழுந்தது. எழுதலாம், எழுத வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. நோயில் படுத்திருக்கும் பிள்ளை மரணத்தைப் பற்றி யோசிக்கத்தான் செய்கிறது. அந்த யோசனைக்குத் துணையாக ஒரு கதையாவது இருக்கட்டும்.

தமிழுக்கு இந்த வகை புதிதல்ல. 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய ‘அம்புலிமாமா’ வழியாகப் பல தலைமுறைகள் விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் அறிந்தன. அந்தக் கதையின் கட்டுமானத்தை எழுதுகிறவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். வேதாளம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் அரசன் வாய் திறக்காவிட்டால் தலை வெடித்துச் சிதறும். வாய் திறந்தால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கைமரம் ஏறும். தெரிந்ததைச் சொல்வதற்கும் விலை உண்டு, சொல்லாமல் இருப்பதற்கும் விலை உண்டு. அரசனின் பதிலைப் படிக்கும் முன்னால் பிள்ளை ஒரு கணம் நின்று தன் தீர்ப்பைச் சொல்லிப் பார்க்கிறது. சரியாகச் சொன்னால் பெருமைப்படுகிறது. அரசனின் தீர்ப்பு பிடிக்காவிட்டால் அவனோடு சண்டை பிடிக்கிறது. இவ்வளவு மரியாதையை வாசகருக்குத் தந்த கட்டுமானம் எங்கள் கைவசமே இருந்திருக்கிறது.

இன்னும் பின்னே போனால் மணிமேகலை நிற்கிறாள். உவவனத்தில் உறங்குகிறவளைக் கடல் தெய்வம் தூக்கிக் கொண்டுபோய் மணிபல்லவத்தில் விடுகிறது. யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள நயினாதீவே அது என்று கருதுகிறவர்கள் உண்டு. ஆளற்ற தீவில் கண்விழிக்கும் இளம்பெண்ணுக்கு மூன்று ஆற்றல்கள் கிடைக்கின்றன: வேற்றுருவம் கொள்ளலாம், வானில் போகலாம், பசியை வெல்லலாம். பிறகு அமுதசுரபி. சாகச நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் காப்பியத்தை இயற்றிய சாத்தனார் அந்த ஆற்றல்களை இனாமாகத் தரவில்லை. தன்னைத் துரத்தும் இளவரசன் உதயகுமாரனிடமிருந்து தப்பிக்க அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவி என்றே நம்புகிறான். சந்தேகத்தில் உதயகுமாரனை வெட்டிக் கொல்கிறான். மாற்றுரு அவளைக் காப்பாற்றியது. ஓர் உயிரையும் பறித்தது. அதன் பழியோடுதான் அவள் சிறைக்குப் போகிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, கணிகையர் குலத்தில் பிறந்தவள் அந்தப் பிறப்பு விதித்த தொழிலை மறுத்து நடந்தவள். முற்பிறப்பு என்ற விளக்கமும் அந்தக் காப்பியத்தில் உண்டு என்பதை மறைக்கவில்லை. அந்த விளக்கத்தை விட்டுவிட்டு, அவள் மறுத்ததை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

இனி குறைகள்.

இந்த வகையின் ஆகப் பெரிய குறை, எளியவனாகத் தொடங்கும் பிள்ளையைக் கடைசியில் உயர்ந்த ரத்தம் என்று அறிவிப்பது. ஆட்டிடையன் வீட்டில் வளர்ந்தவன் உண்மையில் அரசகுமாரன். தோளில் மச்சம், கழுத்தில் மோதிரம், கிழவி ஒருத்தி சாட்சி. உடனே ஊரே காலில் விழுகிறது. அவன் அதுவரை காட்டிய துணிச்சல், பட்ட அடி, கற்ற பாடம் எல்லாம் அந்தக் கணத்தில் செல்லாக்காசு ஆகின்றன. ஏனென்றால் அவன் அப்படித்தான் இருப்பான், அரச ரத்தம் அல்லவா! கூட வந்த இடையன் மகன் அதே துணிச்சலைக் காட்டியிருந்தாலும் அவனுக்குத் தளபதி வேலைதான். வேறு நாடுகளில் இதைப் பழைய கதை மரபு என்று சொல்லிக் கடந்துபோகலாம். பெயரைக் கேட்டதும் அடுத்து ஊரையும் தெருவையும் கேட்டுப் பிறப்பைக் கணக்குப் போடும் சமூகத்தில் எங்களால் கடந்துபோக முடியாது. அரசகுமாரன் என்று தெரியவருவதைக் கைதட்டி வாசிக்கும் வகுப்பறையில், தன் பிறப்பைச் சொல்லத் தயங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் இருக்கிறது. அந்த நாவல் அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்கிறது?

உலகப் புகழ் பெற்ற நாவல்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. ரிக் ரியோர்டன் 2005-ல் தொடங்கிய பெர்சி ஜாக்சன் வரிசை, கவனக்குறைபாடும் வாசிப்புச் சிரமமும் கொண்ட தன் மகனுக்குப் படுக்கைநேரக் கதையாகச் சொன்னதிலிருந்து பிறந்தது. எழுத்துகள் கண்முன்னே கலைந்து ஓடும் பிள்ளை ஒன்று தன்னைப்போன்ற நாயகனை முதல்முறையாகச் சந்திக்கிறது. இதன் அருமை எங்கள் ஆசிரிய உறுப்பினர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பெர்சிக்கு அந்தச் சிரமங்கள் இருப்பதன் காரணம் அவன் தந்தை கடல் தெய்வம் என்பதாம். ஒரே நாவல் ஒரு கையால் கொடுத்த ஆறுதலை மறு கையால் பறித்துக்கொள்கிறது. தெய்வத்துக்குப் பிறக்காத, எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளை திரும்பவும் வகுப்பின் கடைசி வரிசைக்கே போகிறது.

ஹாரி பாட்டரை நாங்கள் இன்னும் கவனமாகப் பேச விரும்புகிறோம். 1997-ல் வந்த முதல் நாவலிலேயே மாணவர்களை இல்லங்களாகப் பிரிக்கும் தொப்பி அவனை ஸ்லிதரின் இல்லத்துக்கு அனுப்ப யோசிக்கும்போது, வேண்டாம் என்று அவன் மனசுக்குள் கெஞ்சுகிறான். அவன் விருப்பம் கேட்கப்படுகிறது. தூய ரத்தம் பேசுகிறவர்களே அந்த வரிசையின் வில்லன்கள். மந்திரமே அறியாத பல் மருத்துவர்களின் மகள் ஹெர்மயனி எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. ஹாரியைப் பற்றிய தீர்க்கதரிசனம்கூட அவன் வகுப்புத் தோழன் நெவிலுக்கும் பொருந்தியிருக்கக் கூடியதுதான். ஜே.கே. ரௌலிங் இவ்வளவு தூரம் வந்தார். ஆனால் மந்திரவாதிகளின் வீடுகளில் வேலைசெய்யும் எல்ஃபுகளின் அடிமைத்தனத்தை எதிர்த்து ஹெர்மயனி சங்கம் தொடங்கும்போது, அதை நாவலே வேடிக்கைப் பொருளாக்கிவிடுகிறது. அடிமையாக இருப்பது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று ஒரு குழந்தைகள் புத்தகத்தில் படிக்கும்போது எங்களுக்கு நெஞ்சு சுருக்கென்கிறது. நம்மூர்ப் பண்ணையார்கள் சொன்னதும் இதுவே.

பிறவி வீரன் உள்ள கதையில் பிறவித் தீயவர்களும் வந்துவிடுகிறார்கள். டோல்கீனின் பூதப்படைகளில் மனம் மாறும் ஒருவனைக் காண்பது அரிது. நார்னியாவில் தெற்கேயுள்ள கருநிற மக்கள் பெரும்பாலும் கொடியவர்கள், வஞ்சகர்கள். நம் மாயாஜாலக் கதைப் படங்களில் இளவரசன் சிவந்தும் அரக்கன் கறுத்தும் இருப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! எங்கள் ஓவியர்கள் இதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். எங்கள் நாவலில் எதிரி வரலாம், கொடியவன் வரலாம். கொடுமையை அவன் தேர்ந்தெடுத்த இடம் கதையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அர்சுலா லெ குவின் எங்களுக்கு வழிகாட்டி. 1968-ல் அவர் எழுதிய ‘எர்த்ஸீ’ முதல் நாவலின் நாயகன் கெட், செம்பழுப்பு நிறத்தவன், ஆடு மேய்த்த பையன். செருக்கால் ஓர் இருளைத் தானே அவிழ்த்துவிடுகிறான். நாவல் முழுக்க அவன் சண்டை அந்த இருளோடுதான். அவனுக்கும் ஆற்றல் பிறவியிலேயே வாய்த்தது. ஆனால் அவன் கதையை நடத்துவது அவன் தவறும் அதற்கு அவன் ஏற்கும் பொறுப்பும். அந்த உலகின் மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடம் இல்லை. முதல் மூன்று நாவல்கள் முடிந்து 18 ஆண்டுகள் கழித்து, 1990-ல், ‘டெஹானு’வை எழுதித் தன் உலகில் பெண்கள் எங்கே என்ற கேள்விக்கு அவரே திரும்பி வந்தார். எங்கள் நாவல்களில் சிறையிருந்து காத்துக்கிடக்கும் இளவரசிகள் இல்லை என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

மந்திரக்கோலை அசைத்துக் கதையை முடிப்பது எழுத்தாளரின் சோம்பல். மந்திரத்துக்கு விதி இருக்க வேண்டும், விலை இருக்க வேண்டும், அந்த விலையை நாயகரே கொடுக்க வேண்டும்.

தடிமன் இன்னொரு சிக்கல். பிரிட்டனில் ஹாரி பாட்டரின் முதல் நாவல் 223 பக்கம், ஐந்தாவது 766 பக்கம். பெரிய புத்தகத்தை முடித்த பெருமிதம் பிள்ளைக்கு நல்லது. ஆயினும் ஒரு கதையை முடிக்காமல் அடுத்த பாகம், அதற்கடுத்த பாகம் என்று இழுப்பது வியாபாரம். எங்கள் நாவல் ஒவ்வொன்றும் தன்னளவில் முடியும். தொடர்ச்சி எழுதலாம், தொங்கலில் விடக் கூடாது.

தமிழ்ப் பதிப்பாளர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். கதையின் கடைசியில் ‘இக்கதையால் அறியும் நீதி’ என்று அச்சிடுவதை நிறுத்துங்கள். வேதாளம் பிள்ளைக்குக் கொடுத்த தீர்ப்பு உரிமையை அந்த ஒற்றை வரி பிடுங்கிக்கொள்கிறது. நாவலைத் தேர்வுக் கேள்வியாக்குவதையும் இந்த இயக்கம் எதிர்க்கிறது.

களம் எங்கே என்பதும் முக்கியம். பனி பொழியும் கோட்டையும் நெருப்புமிழும் டிராகனும் பிறருடைய நிலத்தில் விளைந்தவை. சதுக்கப்பூதமும் கொல்லிப்பாவையும் ஊர் எல்லையில் நிற்கும் அய்யனார் குதிரைகளும் நம்மிடம் சும்மா இருக்கின்றன. வாண்டுமாமாவும் முல்லை தங்கராசனும் இந்தப் பாதையில் நிறைய நடந்தார்கள். அவர்கள் எழுதிய ‘பூந்தளிர்’, ‘ரத்னபாலா’ போன்ற இதழ்கள் அச்சில் இல்லாமல் போனது இந்த வகைக்கு நேர்ந்த பேரிழப்பு. அண்மையில் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ இன்றைய சிறுவனைப் பண்டைய கீழடியோடு சேர்த்துவைத்தது. 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. இப்படி நூறு நாவல்கள் வேண்டும். புராணத்தை அப்படியே திருப்பிச் சொல்வதை மட்டும் நாங்கள் சாகச நாவலாகக் கொள்வதில்லை. அங்கே முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்டது, பிள்ளை முடிவெடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

பாத்திரங்கள் எந்தத் தமிழில் பேச வேண்டும் என்பதில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. திருநெல்வேலிப் பிள்ளை அதன் பேச்சிலேயே பேசட்டும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் கோலாலம்பூர்ப் பிள்ளையும் தடுக்காமல் வாசிக்க வேண்டாமா என்று மறு சாரார் கேட்கிறார்கள். இரண்டு தரப்பும் நியாயமானவை. எழுதிப் பார்த்தே தீர்த்துக்கொள்வோம்.

கைப்பிரதியை யார் முதலில் படிப்பது என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. 1936-ல் டோல்கீனின் ‘ஹாபிட்’ கைப்பிரதியைப் படித்துப் பதிப்பாளருக்கு அறிக்கை எழுதியவன் அந்தப் பதிப்பாளரின் பத்து வயது மகன் ரேனர். கூலியாக ஒரு ஷில்லிங் வாங்கினான். மறு ஆண்டு புத்தகம் வந்தது. எங்கள் கைப்பிரதி ஒவ்வொன்றையும் அச்சுக்கு முன்னால் அந்த வயதுப் பிள்ளைகள் படிப்பார்கள். பதிப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் போதாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளும், முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்தவர்களும் கட்டாயம் இருக்க வேண்டும். எந்தப் பக்கத்தில் மூடிவைத்தார்கள் என்று குறித்துத் தரச் சொல்வோம். அவர்களுக்கு ஊதியம் உண்டு.

இந்தப் பிரகடனத்தில் கையெழுத்திட, எழுதிய புத்தகங்களின் எண்ணிக்கையோ விருதோ தேவையில்லை. ஏற்கெனவே அச்சிலுள்ள தம் நாவலில் மச்சம் வைத்த இளவரசன் இருக்கிறான் என்று தயங்குகிறவர்களும் வரலாம். கையெழுத்திட்டபின் எழுதும் அடுத்த நாவலில் அவன் இருக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை.