பளபளப்பு மட்டும் போதுமா?

தில்லைநகரிலோ ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலோ விலையுயர்ந்த கார் ஒன்று வந்து நின்றால் போதும், பார்ப்போர் கண்கள் எல்லாம் அதன் மேல்தான். ‘எத்தனை இலட்சம் இருக்கும்?’ என்று கேட்போர் பலர். ‘எத்தனை ஆண்டு உழைக்கும்?’ என்று கேட்போர் மிகச் சிலரே. கார் வாங்கும் வயதும் வசதியும் நமக்கு இல்லைதான். ஆயினும் நாளை பொருள்களை வாங்கப் போகிறவர்களும், நம்முள் சிலர் பொறியாளராகி அவற்றைச் செய்யப் போகிறவர்களும் நாமே. ஆகவே இந்த இரண்டாவது கேள்வியைச் சற்றுச் சிந்திப்போம்.

ஒரு காலத்தில் உயர்ந்த கார் என்றால் நெடுநாள் உழைப்பது என்று பொருள். ஜெர்மனியின் மெர்சிடிஸ் நிறுவனம் 1976 முதல் 1985 வரை செய்த ‘டபிள்யூ 123’ என்ற கார் இதற்குச் சான்று. ஏறத்தாழ 27 இலட்சம் கார்கள் விற்பனையாயின. அவற்றுள் பல, முதல் சொந்தக்காரரை விட்டு நீங்கிய பிறகும், மொராக்கோ போன்ற நாடுகளில் பல பத்தாண்டுகள் டாக்சிகளாக ஓடின. அதே நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் சில கார்களின் இன்ஜின் மின்கம்பிகளுக்கு, எளிதில் மக்கக்கூடிய உறையைப் பயன்படுத்தியது. இன்ஜினின் சூட்டில் அவ்வுறை காய்ந்து உதிர்ந்தது. நோக்கம் நல்லதே. ஆனால், கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய உறை கெட்டாலும் பெரிய கார் நின்றுவிடும் என்பதை அது உலகுக்குக் கற்பித்தது.

நம் தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு பாடம் உண்டு. சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற சொகுசுக் காரை வெளியிட்டது. அதன் உருவம், 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருது பெற்ற ரோவர் காரின் உருவம். உள்ளே துடித்ததோ பழைய வான்கார்டு காரின் வழிவந்த இன்ஜின்! பெட்ரோலை மிகுதியாகக் குடித்தது. வேகமோ அதற்கேற்றதாக இல்லை. 1988இல் அதன் கதை முடிந்தது. குதிரைச் சேணம் கட்டினால் மாடு குதிரையாகுமா?

இன்றைய சொகுசுக் கார்களின் உள்ளே நோக்குவோம். திருகவும் அழுத்தவும் இருந்த விசைகள் மறைந்து, தொலைக்காட்சிப் பெட்டி போன்ற தொடுதிரை வந்துவிட்டது. பழைய விசையை விரல் தானே தேடிக் கண்டுபிடிக்கும். கண் சாலையிலேயே இருக்கும். திரையையோ பார்த்துத்தான் தொட வேண்டும். இந்த ஆபத்தை உணர்ந்தே, ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்காப் அமைப்பு, ஹாரன், வைப்பர், திரும்பும் விளக்கு முதலியவற்றிற்குத் தனி விசை இல்லாத கார்களுக்கு 2026 முதல் மதிப்பெண்ணைக் குறைக்க முடிவு செய்தது. முன்பு விளக்கு அணைந்தால் பல்பை மட்டும் மாற்றினோம். இப்போது பல கார்களில் முகப்பு விளக்கு முழுவதையும் மாற்ற வேண்டும். சில கார்களின் பின்புறத்தில் பளபளக்கும் புகைக்குழாய் வெறும் அலங்காரம். உண்மைக் குழாய் அடியில் மறைந்திருக்கும். பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2022இல் சில நாடுகளில், காரில் பொருத்தப்பட்டிருந்த ஆசனச் சூடேற்றியை இயக்க மாதக் கட்டணம் கேட்டது. மக்கள் முகம் சுளிக்கவே 2023இல் அதைக் கைவிட்டது.

இந்நிலைக்குக் காரணம் என்ன? பல விசைகளைத் தனித்தனியே செய்து பொருத்துவதைவிட ஒரே திரையை வைப்பது செலவு குறைவு. மேலைநாடுகளில் பலர் சொகுசுக் காரை இரண்டு மூன்று ஆண்டு வாடகைக்கு எடுத்துத் திருப்பித் தருகின்றனர். பத்தாம் ஆண்டில் அது எப்படி இருக்கும் என்ற கவலை முதல் சொந்தக்காரருக்கு இல்லை. அவருக்கு இல்லாத கவலை செய்பவருக்கும் மெல்லக் குறைகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஷோரூமில் பத்து நிமிடம் பார்த்து மயங்கும் நம் கண்களும் ஒரு காரணமே.

‘பழையதெல்லாம் பொன்’ என்று நாங்கள் சொல்லவில்லை. 1957 முதல் 2014 வரை உருவத்தில் பெரிதாக மாறாமல் வந்த அம்பாசிடரை எந்தப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம். ஆனால் விபத்தில் உயிர் காப்பதில் இன்றைய கார்கள் அதைவிடப் பன்மடங்கு மேலானவை. மோதலின் வேகத்தைத் தாங்கி மடங்கும் முன்பகுதியும் காற்றுப் பைகளும் எத்தனையோ குடும்பங்களைக் காத்திருக்கின்றன. நம் நாட்டிலும் 2023 முதல் பாரத் என்காப் சோதனை நடைபெறுகிறது. இவற்றையெல்லாம் வரவேற்கிறோம். உயிரைக் காக்கும் அறிவு வளர்ந்திருக்கும்போது, உழைக்கும் தன்மை மட்டும் ஏன் தேய வேண்டும் என்பதே எங்கள் கேள்வி.

தேய வேண்டியதில்லை என்பதற்கு நம் பொன்மலை சாட்சி. ஊட்டி மலை இரயிலுக்காக 1914 முதல் சுவிட்சர்லாந்தில் செய்து அனுப்பப்பட்ட ‘எக்ஸ்’ வகை நீராவி இன்ஜின்களைக் கழற்றிப் பழுது நீக்கி ஓடச் செய்தவர்கள் நம் ஊர் இரயில்வே பணிமனைத் தொழிலாளர்கள். 2022இல் அதே வகையில் நிலக்கரியால் இயங்கும் புதிய இன்ஜின் ஒன்றையும் அங்கேயே உருவாக்கினர். கழற்ற முடிந்ததால் பழுது பார்க்க முடிந்தது. பழுது பார்க்க முடிந்ததால் அந்த வகை வாழ்ந்தது.

மணல்மேல் வீடு கட்டியவனையும் பாறைமேல் கட்டியவனையும் பற்றி நற்செய்தியில் படிக்கிறோம். மழை வரும்வரை அவ்விரு வீடுகளும் ஒன்றுபோலவே தோன்றியிருக்கும். ஒருவேளை மணல் வீடே அழகாகவும் இருந்திருக்கலாம்! நாசரேத்துத் தச்சுப் பட்டறையில் புனித சூசையப்பர் செய்த நுகத்தடி உழவனின் மாட்டுக் கழுத்தை உறுத்தாமல் பல காலம் உழைத்திருக்கும் என்றே நாம் நம்புகிறோம். கண் காணாத இடத்திலும் நேர்மையாக இழைப்பதுதான் தொழில்.

ஆகவே, அன்புத் தோழியரே, நம் இல்லத்தில் காரோ, மிக்சியோ, தையல் இயந்திரமோ வாங்கும்போது பெற்றோருடன் சேர்ந்து மூன்று கேள்விகள் கேட்போம். கெட்டுப்போனால் நம் ஊரில் பழுது பார்க்க முடியுமா? உதிரி பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும்? கெட்ட பாகத்தை மட்டும் மாற்ற முடியுமா? விற்பவர் பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போவோம். நாளை நம்முள் எவரேனும் காரை வடிவமைக்கும் மேசையில் அமர்ந்தால், இந்த மூன்று கேள்விகளையும் அங்கே எடுத்துச் செல்வாராக.