சங்கிலியும் முன்பணமும்



நீதியைப் பற்றிய கேள்வியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டால் அது மறைந்துவிடுவதில்லை. வட்டியும் முதலுமாகத் திரும்பி வருகிறது. இதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு சான்று பகரும்.

மனிதர் யாவரும் சமம் என்று 1776இல் முழங்கிய அந்நாடு, அடிமைகளின் உழைப்பால் புகையிலையும் பருத்தியும் விளைவித்தது. வட மாநிலங்கள் அடிமைமுறையைப் படிப்படியாகக் கைவிட்டன. தென் மாநிலங்களோ அதை இறுகப் பற்றிக்கொண்டன. புதிதாகச் சேரும் நிலப்பகுதிகளில் அடிமைகளை வைத்திருக்கலாமா என்பது ஓயாத வழக்காயிற்று. 1820இல் ஓர் உடன்பாடு செய்து எல்லைக்கோடு கிழித்தனர். 1850இல் மற்றோர் உடன்பாடு. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வடபகுதியாரும் துணைநிற்க வேண்டும் என்ற சட்டமே அதன் விலை. 1854இல், குடியேறியவர்களே முடிவு செய்யட்டும் என்றனர். கான்சஸ் மண்ணில் இரத்தம் சிந்தியது. 1857இல் டிரெட் ஸ்காட் என்பவர் விடுதலை கோரித் தொடுத்த வழக்கில், கறுப்பின மக்கள் அந்நாட்டின் குடிமக்கள் ஆக முடியாது என்று உச்சநீதிமன்றமே தீர்ப்புக் கூறிற்று.

சமய சபைகளும் இவ்வழக்கினின்று தப்பவில்லை. மெதடிஸ்ட் சபை 1844இலும், பாப்டிஸ்ட் சபை 1845இலும் வடக்கு தெற்கு எனப் பிளவுபட்டன. திருத்தந்தை 16ஆம் கிரகோரியார் 1839இல் அடிமை வணிகத்தை வன்மையாகக் கண்டித்து மடல் வரைந்தார். ஆயினும், அம்மடல் வணிகத்தையே கண்டிக்கிறது; நாட்டுக்குள் நிலவும் அடிமைமுறையைத் தொடவில்லை என்று சார்ல்ஸ்டன் ஆயர் ஜான் இங்கிலாந்து விளக்கம் எழுதினார். கற்றறிந்த சமயத் தலைவர்களும் சுற்றியிருந்த வழக்கத்துக்கு இசைந்துபோனது வருந்தத்தக்கது.

1860இல் ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்தன. 1861 ஏப்ரலில் மூண்ட உள்நாட்டுப் போர் 1865 வரை நீடித்து, 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பலிகொண்டது. ஏறத்தாழ 40 இலட்சம் அடிமைகளின் விடுதலைக்கு அந்நாடு கொடுத்த விலை அது.

நம் நாட்டில் இதற்காகப் போர் ஏதும் மூளவில்லை. 1833இல் பிரிட்டிஷ் பேரரசு அடிமைமுறையை ஒழித்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளுக்கு விலக்கு அளித்தது. 1843இல் வந்த 5ஆம் சட்டம், ஒரு மனிதரைத் தன் உடைமை என்று எவரும் உரிமை கொண்டாடினால் நீதிமன்றங்கள் அதை ஏற்கலாகாது என்றது. அன்று சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த நம் பகுதிக்கும் இச்சட்டம் பொருந்தியது. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம், அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிற்று.

சங்கிலி அறுந்தது, ஆனால் அதன் இடத்தில் கடன் வந்து அமர்ந்தது. திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் வாங்கிய சிறு தொகைக்காக ஆண்டுக்கணக்கில் பண்ணையில் உழைத்தவர் எத்தனை பேர்! தந்தை பட்ட கடனுக்கு மகன் மாடு மேய்த்தான். எல்லைக்கு அப்பால் கன்னட நாட்டில் இதை ஜீதம் என்பர். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. எனினும், கொத்தடிமை ஒழிப்புக்கென நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் 1976இல்தான் இயற்றப்பட்டது. 1843க்குப் பின் 133 ஆண்டுகள்! கூச்சலின்றி வந்த சட்டத்தைக் கேட்பாரின்றி மீறவும் முடிந்தது.

இது பழங்கதையென்று தள்ளிவிடலாகாது. நாட்றாம்பாளையம், அஞ்செட்டி போன்ற மலையடி ஊர்களிலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் பிழைப்புத் தேடிச் செல்வோர் பலர். செங்கல் சூளை, கல்குவாரி, தோட்டம் என வேலை எதுவாயினும், முன்பணம் வாங்குமுன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். வேறு வேலைக்குப் போக உரிமை உண்டா? விரும்பியபோது ஊருக்கு வர முடியுமா? குறைந்தபட்சக் கூலி கைக்கு வருமா? முன்பணத்தைக் காட்டி இவற்றை மறுத்தால், சட்டத்தின் கண்ணில் அது கொத்தடிமைத்தனமே.

அத்தகைய கடன் சட்டப்படி செல்லாது. திருப்பித் தர வேண்டிய கடமையும் இல்லை. கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி கூறினால், அது அப்படியன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரையே சாரும். கொத்தடிமையாக வேலை வாங்குவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியரிடமோ ஓசூர் சார் ஆட்சியரிடமோ முறையிடலாம். வேலை கர்நாடகத்தில் என்றால், அம்மாவட்டத்தின் துணை ஆணையரிடம் முறையிடலாம்.

மற்றொரு கேள்வி வேலை கொடுப்போருக்கு. நம் தோட்டத்திலோ வீட்டிலோ கடனைச் சொல்லி ஒருவரை நிறுத்தி வைத்திருக்கிறோமா? கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பெயருக்கு எதிரே எழுதியுள்ள தொகை அவரை எழுந்து போகவிடாமல் தடுக்கிறதென்றால், அந்த வரியை இன்றே அடித்துவிடுங்கள். நாளைக்கு என்று ஒத்திப்போட்ட நாடு எவ்வளவு செலுத்த நேர்ந்தது என்பதை மேலே கண்டோம்.