கண்டெடுத்த காசு யாருக்குரியது?

கோடையில் பழவேற்காடு ஏரி வற்றிக் கரை விரிகிறது. 1613இல் டச்சுக்காரர் கெல்திரியா கோட்டையை எழுப்பி, நாணயமும் அடித்த ஊர் இது. வெயிலில் கருவியுடன் பழங்காசு தேடுவோர் ஒன்றை உணரவேண்டும்: கண்டெடுத்தது யாவும் நம் உடைமையன்று.

பிறர் தவறவிட்ட பொருளை ஓராண்டு அறிவித்து உரியவரைத் தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மண்ணுள் மறைந்த தொன்மைக் காசுக்கோ 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் உண்டு. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியரிடம் அறிவித்தாக வேண்டும். உரியவர் எவருமில்லையெனில் கண்டெடுத்தவர் பங்கு பெறவும் அதில் வழியுண்டு.

மீன்பாடு குறைந்த நாளில் அக்காசு வீட்டுக்கு அரிசியாகவே தோன்றலாம். எனினும் ஹலாலான வழி திறந்திருக்க, அதை மறைத்து விற்பதேன்? கரையில் எவரும் காணாவிடினும் அல்லாஹ் காண்கிறான். காசு சிறிது, அமானிதம் பெரிது.