அட்டையில் ஒட்டிய வயது

லித்துவேனியச் சிறார் பாதுகாப்புச் சட்டத்தில் குடும்பம் பற்றி இருந்த ஓர் உட்பிரிவு செல்லாது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2024 டிசம்பரில் சொல்லிவிட்டது. எழுத்தாளர் மாத்சாத்தேயின் வழக்கில் ஸ்ட்ராஸ்பூர்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2023 ஜனவரி 23 அன்று ஒருமனதாகத் தந்த தீர்ப்பின் தொடர்ச்சி இது. சிறார் நூல்களோடு பிழைப்பு நடத்தும் நாம் வரவேற்கிறோம். ஆனால் ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்பு எதைத் தொடாமல் விட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மாத்சாத்தே எழுதியது 9, 10 வயதுப் பிள்ளைகளுக்கான ஆறு தேவதைக் கதைகள். இரண்டில் ஒருபாலினத் திருமணம் வருகிறது என்பதற்காக முழுப் புத்தகத்தின் விநியோகமும் நின்றது. ஓராண்டு கழித்துத் திரும்பியபோது, 14 வயதுக்குட்பட்டோருக்குத் தீங்கு தரலாம் என்ற எச்சரிக்கையோடு வந்தது. அந்த ஒட்டுச்சீட்டே பெற்றோரில் பலரைத் தயங்க வைக்கும் என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். இந்தப் பக்கத்தில் நாம் ஓயாமல் சொல்லிவருவதும் அதுதான். ஆனால் ஒருபாலின உறவைக் காரணம் காட்டி ஒட்டியதைத்தான் அவர்கள் தவறென்றார்கள். ரத்தத்தைக் காரணம் காட்டி ஒட்டினால்? அந்தக் கதவு திறந்தேதான் கிடக்கிறது.

அப்படி ஒட்டினால் முதலில் அடிபடுபவை ஒன்றோடொன்று பின்னிய இருண்ட கதைகள். ஆடம் கிட்விட்ஸின் ‘எ டேல் டார்க் அண்ட் கிரிம்’ (2010) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாகிப்போன விசுவாச ஊழியன் யோஹான்னஸை மீட்க அரசன் தன் இரு பிள்ளைகளின் தலையையும் வெட்டுகிறான். தலைகள் மறுபடி பொருந்திவிடுகின்றன. ஆனால் அந்தப் பிள்ளைகளான ஹான்சலும் கிரெட்டலும் அந்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வெளியேறுகிறார்கள். பின்னால் வரும் கதைகள் அத்தனைக்கும் அந்த வெட்டுதான் காரணம். தனித்தனிக் கதைகளின் தொகுப்பென்றால் ஒன்றை உருவிவிட்டு மற்றதைக் கொடுக்கலாம். இதில் முதல் கதையை உருவினால் பிள்ளைகள் காட்டுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே ஒட்டுவதானால் மொத்தமாக ஒட்ட வேண்டும். மொத்தமாக அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்ற வேண்டும்.

எது தீங்கு என்று தீர்மானிப்பவர்களின் கணக்கு என்றைக்கு நேராக இருந்தது? கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ரபுன்சலின் உடை இறுகிப்போகும். கர்ப்பத்தைக் காட்டும் அந்த வரி பிறகு போய்விட்டது. ஆனால் அவர்களது சிண்ட்ரெல்லா கதையில், மாற்றாந்தாயின் மகள்களின் கண்ணைப் புறாக்கள் கொத்துவது 1819 பதிப்பில்தான் புதிதாக நுழைந்தது. பிள்ளைகளுக்காகத் திருத்திய லட்சணம் இது! இன்றைய அதிகாரிகள் மட்டும் வேறு தராசா வைத்திருக்கிறார்கள்? பிணத்தைத் தோளில் சுமக்கும் விக்கிரமாதித்தனுக்கு நம் ஊரில் எவரும் சீட்டு ஒட்டவில்லை. நாளைக்கு ஒட்டமாட்டார்கள் என்று எந்தத் துறை உறுதி தரும்?

கதை நேரத்தில் ஒரு நாளாவது தரையில் உட்கார்ந்திராதவர்கள் கோப்பில் ஒரு எண்ணை எழுதுகிறார்கள். பயந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்பவர் நூலகர். அவரிடம் கருத்துக் கேட்பார் இல்லை. வயது பற்றிய குறிப்பு தேவையானால் நூற்பட்டியலில் இருக்கட்டும், நூலகர் கண்ணுக்கு மட்டும். அட்டை கதைக்குச் சொந்தம்.