மேற்கு எந்தப் பக்கம்?

பொது இடத்தில் மதம் கூடாது என்று சொல்லுகிறவர்களிடம் எனக்கு ஒரு காலத்தில் மிகுந்த மதிப்பு உண்டு. நானே அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். கோயிலுக்கு நான் போவது சிற்பம் பார்க்க. அல்லது யாராவது கல்யாணத்துக்கு அழைத்தால் சாப்பிட. ஆகவே இதை ஒரு பக்தன் எழுதுகிறான் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். விமான நிலையத்தில் ஒரு பெரியவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் எழுதுகிறேன்.

ஊர்ப் பெயர் வேண்டாம். சிங்கப்பூர் போகிற என் விமானம் மூன்று மணி நேரம் தாமதம் என்று அறிவித்துவிட்டார்கள். பக்கத்து நாற்காலியில் கீழக்கரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மனைவியோடு, துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறவர். கைக்கடிகாரத்தை இரண்டு மூன்று தரம் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "தம்பி, மேற்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

என் கிராமத்தில் நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வாய்க்கால் கிழக்கே, சுடுகாடு தெற்கே, மேற்கே மாரியம்மன் கோயில். இந்தக் கண்ணாடி மாளிகைக்குள் திசை என்று ஒன்று கிடையாது. பகலும் இரவும்கூடக் கிடையாது. கடிகாரக் கடையும் வாசனைத் தைலக் கடையும் இருக்கும் பக்கம் ஒன்று, இல்லாத பக்கம் ஒன்று; அவ்வளவுதான். நான் எழுந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன்.

மண்டியிட்ட ஒரு மனிதனின் படம் போட்ட பலகை உயரத்தில் தொங்கியது. அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு இருவரும் நடந்தோம். கடைகள் தீர்ந்து, கக்கூஸ்கள் தீர்ந்து, தாழ்வாரத்தின் கோடியில் ஒரு கதவு. பூட்டியிருந்தது. கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தரை துடைக்கிற வாளிகள். சக்கரம் கழன்ற தள்ளு நாற்காலிகள் இரண்டு. அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள், "சாவி சூப்பர்வைசர்கிட்ட இருக்குங்கய்யா, அவரு டூட்டி முடிஞ்சு போயிட்டாரு" என்றாள். மேற்கு எந்தப் பக்கம் என்று அவளையே கேட்டேன். யோசிக்காமல் கையை நீட்டினாள். "அதோ அந்தக் கோடி. சாயங்காலம் பெருக்குறப்போ அங்கேருந்துதான் வெயில் கண்ணைக் குத்தும்."

ஆட்கள் நடமாடாத ஒரு தூணின் பின்னால் பெரியவர் துண்டை விரித்தார். ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும். முழங்கால் வலிக்காரியான அவர் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுதாள். ஒரு சத்தம் இல்லை. தலைக்கு மேலே ஒலிபெருக்கி, யாரோ ஒரு பிரயாணியின் பெயரைக் கொலை செய்து நாலு பாஷையில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார். நல்ல உடுப்பு, நல்ல படிப்பாளி முகம். ஏன் ஸார் எடுக்கிறீர்கள் என்றேன்.

"பொது இடம் ஸார் இது. இவங்களுக்குன்னு ரூம் கட்டி வெச்சிருக்கே, அங்கே போக வேண்டியதுதானே?"

"ரூம் பூட்டியிருக்கிறது."

"அப்போ கம்ப்ளெய்ண்ட் கொடுக்கட்டும். நடுவிலே உட்காரக் கூடாது."

நடுவில் யாரும் உட்காரவில்லை. தூணுக்குப் பின்னால்தான். ஆனால் படத்தில் தூண் விழாது. மனிதர் மட்டும் விழுவார். நாளைக்கு அந்தப் படத்தைப் பார்க்கிற லட்சம் பேருக்குப் பூட்டிய கதவு தெரியாது.

வேடிக்கை பிறகு நடந்தது. எங்கள் விமானம் ஒரு வழியாக வந்து வரிசையில் நின்றபோது அந்த மனிதர் எனக்கு முன்னால். விமானத்தின் கதவு நிலையை வலது கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே காலெடுத்து வைத்தார். நான் அவரைப் பரிகாசம் பண்ணவில்லை. நம்மில் எத்தனையோ பேர் செய்கிற காரியம். என் தாயார் பஸ்ஸில் ஏறும்போதுகூடச் செய்வாள். அவள் பழக்கிய கை, எனக்கும் ஒரு தரம் அந்தக் கதவுப் பக்கம் போய்த்தான் வந்தது. அதை யாரும் படம் எடுக்கவில்லை. மதம் என்றே அது யார் கண்ணிலும் படவில்லை. நம்முடையது பழக்கம், அடுத்தவனுடையது மதம். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

ஆயுத பூஜையன்று விமான நிலையத்துப் பஸ்ஸுக்குச் சந்தனமும் குங்குமமும் வாழைக்கன்றும் கட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அழகாகத்தான் இருந்தது. 2019 அக்டோபர் 8ஆம் தேதி, விஜயதசமியன்று, பிரான்ஸ் தேசத்து மெரிஞாக்கில் முதல் ரஃபேல் போர் விமானத்தைப் பெற்றுக்கொள்ளப் போன அன்றைய ராணுவ மந்திரி ராஜ்நாத் சிங், அதற்குப் பொட்டிட்டு, தேங்காய் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை செய்தார். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களைப் பார்த்து, இது எங்கள் கலாசாரம் என்று பலர் கோபித்துக்கொண்டார்கள். நான் கோபித்துக்கொண்டவர்கள் கட்சி. எலுமிச்சம்பழத்தால் விமானத்துக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனால் அந்தக் கோபத்தை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்காரனுக்கும் கொஞ்சம் கொடுக்க வேண்டாமா?

இதையெல்லாம் தூக்கி அடிக்கிற உதாரணம் திருவனந்தபுரம். அங்கே வருஷத்தில் இரண்டு நாள் விமான ஓட்டப் பாதையையே மூடிவிடுகிறார்கள். பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு ஊர்வலம் அந்தப் பாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போக வேண்டும். பைங்குனி உற்சவத்துக்கு ஒன்று, அல்பசி உற்சவத்துக்கு ஒன்று. நம் பங்குனியும் ஐப்பசியும்தான், மலையாள வாயில் கொஞ்சம் உருமாறியிருக்கின்றன. விமான நிலையம் ஏற்பட்டது 1932ல். ஊர்வலம் அதற்கு எத்தனையோ காலம் முந்தியது. வழியில் வந்து படுத்துக்கொண்டது விமானப் பாதைதானே தவிர, சாமி அல்ல. அதனால் மாலையில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் விமானங்கள் ஓய்ந்திருக்கின்றன. முன்கூட்டியே விமானிகளுக்கெல்லாம் முறைப்படி அறிவிப்புப் போகிறது. ராஜ குடும்பத்துத் தலைவர் வாளோடு முன்னே நடக்க, துப்பாக்கிக் காவலர்கள் பார்த்து நிற்க, சாமி ஓட்டப் பாதையைக் கடந்து கடலில் குளித்துவிட்டு அதே வழியில் திரும்புகிறது. 2021ல் நிலையத்தின் நிர்வாகம் தனியார் கைக்குப் போயிற்று. அப்போதும் ஊர்வலம் நிற்கவில்லை. விமானத்தில் வருகிறவன் நேரத்தை மாற்றிக்கொள்கிறான். இதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இந்தத் தேசத்தில் ஏதோ ஒன்று இன்னும் சரியாக இருக்கிறது என்று தோன்றியது.

இதே தேசத்தில்தான், 2025 நவம்பரில், பெங்களூரு விமான நிலையத்தின் இரண்டாவது டெர்மினலில் சிலர் தொழுத படம் ஊரெல்லாம் பரவியது. முன் அனுமதி வாங்கினார்களா, இதற்கு எப்படி இடம் கொடுத்தீர்கள் என்று பாரதிய ஜனதாக் கட்சியார் அரசாங்கத்தைக் கேட்டார்கள். பக்கத்திலேயே பிரார்த்தனை அறை இருக்கிறது என்றும் சொல்லப்பட்டது. இருக்கட்டும். அறை இருந்தால் அங்கே போவதுதான் சௌகரியம், அதுதான் மரியாதையும்கூட. ஆனால் ஐந்து மணி நேரத்துக்கு ஓட்டப் பாதையைச் சந்தோஷமாகக் கொடுக்கிற நமக்கு, ஐந்து நிமிஷத் தரை பாரமாகிப் போனது எப்படி? ஆறாட்டை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. அதற்கு இருக்கிற மனசு இதற்கு எங்கே போயிற்று என்றுதான் கேட்கிறேன்.

2023ல் கௌகாத்தி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பொது நல மனு வந்தது, அந்த ஊர் விமான நிலையத்தில் தொழுகைக்கு அறை வேண்டும் என்று. அறை இல்லாவிட்டால் எந்த அடிப்படை உரிமை பறிபோகிறது என்று கேட்டது கோர்ட்டு. சரியான கேள்வி. சட்டப்படி பார்த்தால் ஒன்றும் பறிபோகவில்லை என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் 2003ஆம் வருஷத்துப் புகையிலைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பொது இடத்தில் புகை பிடிக்கக் கூடாது என்று ஆணையிட்டுவிட்டு, அதே மூச்சில், விமான நிலையங்களில் புகை பிடிக்கத் தனி இடம் ஒதுக்கலாம் என்று பெயர் சொல்லிச் சலுகை கொடுத்திருக்கிறது. சிகரெட்டு எந்த அடிப்படை உரிமை ஐயா? அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மதத்தைத்தான் சொல்கிறது, பீடியைச் சொல்லக் காணோம். புகைக்கிறவனுக்கு நாலு மணி நேரம் தாங்காது என்று சட்டம் இயற்றியவர்களுக்குத் தெரிந்திருந்தது, இரங்கினார்கள். தொழுகிறவனுக்கும் தாங்காது என்பது மட்டும் ஏன் தெரியவில்லை?

"பிரயாணத்தில் அவர்களுக்குச் சலுகை உண்டே, சுருக்கிக்கொள்ளலாமே" என்று இஸ்லாம் படித்தவர்போலச் சொல்லுகிறவர்களும் உண்டு. உண்மைதான், நாலு ரக்அத்துத் தொழுகையைப் பிரயாணி இரண்டாகச் சுருக்கலாம். அந்தி நேரத்து மூன்று ரக்அத்து சுருங்காது. அதெல்லாம் அவர் பார்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. ஏகாதசிக்கு இளநீர் குடிக்கலாமா கூடாதா என்று என் பாட்டிக்கு எதிர்வீட்டுச் சாயபு தீர்ப்புச் சொன்னதில்லை.

இந்த அறைகளின் பூர்வோத்தரம் கொஞ்சம் தெரிந்தால் நல்லது. அமெரிக்காவில் முதல் விமான நிலையத் தேவாலயம் 1951ல் பாஸ்டன் நகரத்து லோகன் நிலையத்தில் ஏற்பட்டது. ஆகாய மார்க்கத்து மாதா என்று பெயர். அதைத் திறந்த பேராயர் குஷிங்குக்கு மூட்டை தூக்குகிறவன், எண்ணெய் ஊற்றுகிறவன், ராத்திரி ஷிப்டு பார்க்கிறவன் ஆகியோர்தான் ஞாபகம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கிற இவர்கள் பூசைக்கு எங்கே போவார்கள் என்ற கவலை. பிரயாணி பிற்பாடு வந்து சேர்ந்துகொண்டவன். லண்டன் ஹீத்ரோவில் 1968ல் தரைக்கு அடியில், நிலவறைபோல, ஒரு தேவாலயம் கட்டினார்கள். கட்டியவர் லிவர்பூல் கத்தோலிக்கப் பேராலயத்தைக் கட்டிய பிரெடெரிக் கிப்பர்டு. நியூயார்க்கில் 1966ல் கத்தோலிக்கர், புரொட்டஸ்டண்டுகள், யூதர் மூவருக்கும் குளக்கரையில் மூன்று கட்டடம் வரிசையாக எழுப்பினார்கள். 1988ல் நிலையத்தை விஸ்தரிக்க வேண்டுமென்று மூன்றையும் சேர்த்து இடித்தார்கள். அந்த மட்டில் சமரசம்தான். பிறகு புது டெர்மினலில் உள்ளே இடம் கொடுத்தார்கள், முஸ்லிம்களுக்கும் சேர்த்து.

நம் ஊர் நிர்வாகிகள் கற்றுக்கொண்டது இடிக்கிற பாதியைத்தான். சதுர அடிக்கு இவ்வளவு என்று தைலக் கடை வாடகை கொடுக்கும். கடவுள் கொடுக்க மாட்டார். ஆகவே கக்கூஸுக்கு அப்பால் ஒரு மூலை, ஒரு பலகை, ஒரு பூட்டு. திசை காட்டும் குறிகூட இல்லாத ஓர் அறையைக் கட்டிவிட்டு, "அதுதான் அறை இருக்கிறதே" என்று வெளியே தொழுகிறவனைக் கடிந்துகொள்ள அதை உபயோகிக்கிறார்கள். அறை அவனுக்காகக் கட்டியதா, அவனை நம் கண்ணிலிருந்து மறைக்கக் கட்டியதா? எனக்குத் திசை சொன்னாளே, அந்த அம்மாள் பன்னிரண்டு மணி நேரம் அங்கே நிற்கிறவள். அவள் கழுத்தில் சிலுவை தொங்கியது. அந்த அறையில் அவளுடைய வாளி இருக்கலாம். அவள் உட்காரக் கூடாது.

தொழுகிறவர்கள் பக்கத்திலும் குற்றம் உண்டு, மறைக்க மாட்டேன். வாசலை மறித்து உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். தன் பக்தியைத் தானே படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். விமானத்துக்குள் கூட்டமாகப் பாட்டுப் பாடி, தூங்குகிறவனை எழுப்பிப் புண்ணியம் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களை எழுப்பி நகரச் சொல்ல எந்தக் காவலனுக்கும் அதிகாரம் உண்டு, சொல்லட்டும். அது வழி மறித்ததற்கு. தூணுக்குப் பின்னால் இருந்த பெரியவர் எந்த வழியை மறித்தார்?

படம் எடுப்பதோடு நிற்கிற காரியம் இல்லை இது. 2006 நவம்பரில் அமெரிக்காவில், மினியாபொலிஸ் விமான நிலையத்தில், ஆறு இமாம்கள் விமானம் ஏறுமுன் வாசலருகே தொழுதார்கள். ஏறி உட்கார்ந்த பின், சந்தேகமாயிருக்கிறது என்று ஒரு பிரயாணி சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆறு பேரையும் கையில் விலங்கிட்டு இறக்கிக்கொண்டு போனார்கள். அவர்களிடம் ஆபத்தாக ஒன்றும் அகப்படவில்லை. வழக்குப் போட்டார்கள், 2009ல் சமரசமாக முடிந்தது. அந்தச் சீட்டை எழுதிய மனிதரும் ரொம்ப நல்லவராகத்தான் இருந்திருப்பார், நம் செல்போன்காரரைப்போல.

பெரியவர் துண்டை உதறி மடித்துக்கொண்டு வந்தார். நானும் அந்தப் படிப்பாளியும் பேசியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். "எதுக்குத் தம்பி நமக்கு வம்பு?" என்று மட்டும் சொன்னார். அவர் மனைவி பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, வீட்டில் செய்தது என்று எனக்கு ஒரு பணியாரம் கொடுத்தாள்.

ஊர் திரும்பிய பிறகு அந்த நிலையத்தின் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அறையைத் திறந்து வையுங்கள், வாளிகளை வேறிடத்தில் போடுங்கள், மேற்கு எது என்று சுவரில் ஒரு கோடு கிழியுங்கள் என்று மூன்றே வரி. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. பிரார்த்தனை அறை இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருப்பதாகவும், பிரயாணிகளின் அபிப்பிராயத்துக்கு நன்றி என்றும் எழுதியிருந்தது. நான் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.